நீலியும் கள்ளியும்

பொய்யழுகையை 'நீலிக் கண்ணீர்' என்னும் வழக்குத் தமிழில் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கு நீலியை வஞ்சகியெனத் தீர்த்துவிட்டது. அவள் அழுததன் காரணத்தைக் கூறவில்லை. அக்காரணத்தை எக்கதை உரைக்கின்றது, எக்கதை விடுக்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நீலி பற்றிய செய்தி மிகப் பழையது. 7-ஆம் நூற்றாண்டினரான ஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, வஞ்சத்தால் உயிர்கொண்ட பழையனூர்ப் பெண்ணைச் சுட்டுகின்றார். பிற்காலத்தே, வணிகன் உயிருக்குத் தம் உயிரைப் பிணைவைத்து, அவன் மாண்டபின் தீப்பாய்ந்த வேளாளர் எழுபதின்மரின் வாய்மையே கதையின் உயிர்நிலையாயிற்று. ஆங்கு நீலி, அவர்தம் பெருமையை விளக்கவந்த கருவியே. சமணக் காப்பியமாகிய நீலகேசி வேறு நெறியிற் சென்றது. 1936-இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த அந்நூலில், பழையனூர் நீலி முனிச்சந்திரரிடம் அறங்கேட்டுக் கொலை நீத்துப் பிற சமயத்தாரை வாதில் வெல்கின்றாள். அறிவிற் சிறந்த பெண்ணாக அவள் உயர்ந்தாள். எனினும் அவளது சீற்றம் தோன்றிய வரலாறு அந்நூற்குப் பொருளன்று.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டோ முற்பிறப்பிலிருந்து தொடங்குகின்றது. தன்னை நாடிப் பொருளிழந்து நீங்கிய அந்தணனைக் கணிகைமகள் ஒருத்தி பின்தொடர்கின்றாள். காட்டில் அவன் மடியில் துயின்றவளைக் கல்லாற் கொன்று, அணிகலன்களைக் கவர்கின்றான் அவன். அருகில் நின்ற கள்ளியே சான்று. மறுபிறப்பில் நீலியாய்த் தோன்றிய அவள், வணிகனாய்ப் பிறந்த அவனைத் தேடிச் சென்று, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி ஏந்தி அவைமுன் நிற்கின்றாள். அவையினர் கண்டது குழந்தையை. அவள் ஏந்தியதோ தன் கொலைக்குரிய சான்றினை. தான் அவன் மனைவி என்றது பொய்; அவனால் தீங்குற்றவள் என்பது மெய். இவ்விரண்டையும் பிரித்தறிய அவைக்கு வழியில்லை. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இவளே இசக்கியம்மனாக வழிபடப்பெறுகின்றாள். அஞ்சத்தக்க அவளிடமே பெண்டிர் மக்கட்பேறு வேண்டுகின்றனர்.

இக்காலக் கதைகளும் இவ்வகையில் நோக்கத்தக்கன. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலை, கடமற்றத்துக் கத்தனார் இரும்பாணி அறைந்து ஒரு யட்சியை அடக்கியதைக் கூறும். அவளையே கள்ளியங்காட்டு நீலியெனக் கொள்ளும் மலையாள வழக்கில், அடக்கிய ஆடவனின் ஆற்றலே முதன்மை பெறுகின்றது. 2025-இல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளத் திரைப்படமோ, நீலியை அரசனால் அழிவுற்ற குடியில் தோன்றியவளாகவும் எளியோரைக் காப்பவளாகவும் காட்டிற்று. இதனை முற்றும் புதுமையென்பார் உளர். அது பொருந்தாது. அநீதியை முதலில் வைத்து அதன்பின் பெண்ணின் சீற்றத்தை வைக்கும் முறை, வில்லுப்பாட்டில் முன்னரே அமைந்ததாகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வில்லுப்பாட்டு அவளைக் குற்றமற்றவளாக்கவில்லை; எழுபதின்மர் சாவையும் அது மறைக்கவில்லை. கொலையுண்டவளும் கொன்றவளும் ஒருத்தியே என்பதை அது நம்முன் நிறுத்துகின்றது. ஆகலின், நீலி கதையின் எவ்வடிவத்தை மதிப்பிடுவதாயினும், அவளது முதற்சாவு அதில் உண்டா என்பதையே முதற்கண் வினவுதல் வேண்டும். 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடர் அவ்வினாவை எழுப்பாமலே வழங்கி வருகின்றது.