ஆண்டதும் ஆளப்பட்டதும்

புதுவை நகருக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள நம் காலாப்பட்டு, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு ஜில்லாவாற் சூழப்பட்டுத் தனித் துண்டாகக் கிடந்தது. ஒரே மொழி பேசி, ஒரே கடலில் வலை வீசி, பெண் கொடுத்துப் பெண் கொண்ட மக்கள் இரண்டு சாம்ராஜ்யங்களின் பிரஜைகளாயிருந்தனர். 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் நீங்கியது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி அது சட்டப்படியும் முடிவுற்றது. ஆதலின், வேற்றரசின் கீழ் ஒரு சமூகம் தன் தன்மையை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்னும் வினா நமக்கு ஏட்டுச் சுரைக்காயன்று, வீட்டு விவகாரமே.

நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் முன்னோரும் ஒரு காலத்தில் ஆளப்பட்டோரே. அவர்கள் நாடு அந்நாளில் காலியா எனப்பட்டது. கி.மு. 58 முதல் 50 வரை ஜூலியஸ் சீசர் அதனோடு கொடிய போர் புரிந்து, அதனை ரோமப் பேரரசிற் சேர்த்தார். வாள் தொடங்கியதைப் பின்வந்த பதவியும் பட்டணமும் முடித்து வைத்தன. செல்வர் ரோமப் பெயர் பூண்டனர். சில நூற்றாண்டுகளில் காலிய மொழி வழக்கொழிந்தது. இன்றைய பிரெஞ்சு மொழி லத்தீனின் வழித்தோன்றலேயாம்.

நிற்க. நமக்கு அண்மையிலுள்ள வாகூரை நோக்குவோம். கி.பி. 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்டான். இராஷ்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டான். அவன் தலைநகரம் இன்றைய கருநாடகத்திலுள்ள மானியகேடம். வாகூர் மூலநாதர் கோயிலில் அவனது ஆட்சியாண்டைக் குறிக்கும் சாசனங்கள் உள்ளன. அவற்றில் அவன் பெயர் கன்னரதேவன், மொழியோ தமிழ். அரசன் மாறினான், ஆண்டுக் கணக்கு மாறிற்று. ஆயினும் ஊரார் தம் காரியங்களைத் தம் மொழியிலேயே எழுதி வைத்தனர். காலியா இழந்ததை வாகூர் இழக்கவில்லை.

இம்மட்டிற் சொல்லி மார்தட்டி நிற்போமாயின், பாதிச் சரித்திரமே சொன்னவராவோம். தக்கோலத்தில் தோற்ற சோழர், அரை நூற்றாண்டுக்குள் தாமே பேரரசராயினர். முதலாம் இராஜராஜன் (985–1014) காலத்தில் ஈழத்தின் வடபகுதி மும்முடிச் சோழ மண்டலமாயிற்று, பொலன்னறுவை ஜனநாதமங்கலமாயிற்று, கங்க நாட்டுத் தலைக்காடு இராஜராஜபுரமாயிற்று. 1017-ல் சிங்கள மன்னன் ஐந்தாம் மஹிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டிற்குக் கொணரப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கேயே மாண்டான். சோழப் படை விகாரைகளைச் சூறையாடியதெனச் சூளவம்சம் புலம்புகிறது. நமக்கு மெய்க்கீர்த்தியாயிருப்பது அவர்க்குத் துயரக் கதை. தக்கோலத்தை எண்ணி வருந்துவோர் இதனையும் எண்ணல் வேண்டும்.

ஆயினும் அங்கே பிறிதொன்றும் நிகழ்ந்தது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் வந்தது. ஆனால் அது பௌத்தப் பள்ளியாகவே நின்றது. அதற்குத் தமிழர் அளித்த தானங்களைத் தமிழ்ச் சாசனங்களே கூறுகின்றன. 1070-ல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். அவனுக்குப் பின், பொலன்னறுவையிலிருந்த தமிழ் வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக உறுதிகூறித் தமிழிற் கல் நாட்டினர். ஜனநாதமங்கலம் என்னும் பெயர் இன்று வழக்கில் இல்லை. 1116-ஆம் ஆண்டளவில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் வென்ற தலைக்காடு இன்றும் தலைக்காடே. பேரரசு சூட்டிய பெயர்கள் உதிர்ந்தன; அண்டை அயலாரின் கோயிலைக் காத்தோர் கல் நிற்கிறது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, பரம்பரைச் சட்ட வழக்கங்களைத் துறந்து குடும்பப் பெயர் பூண்டோர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்தனர். பெரும்பாலான இந்துக்கள் அதனை ஏற்கவில்லை. நாம் நம் வழக்கத்தைக் காத்தோம் என்று பெருமை பேசுவதும் உண்டு. ஆனால் துறந்தோரிற் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதை மறத்தல் ஆகாது. எந்த வழக்கம் அவர்களை வாயிலில் நிறுத்தியதோ, அவ்வழக்கத்தை அவர்கள் துறந்ததிற் குறை காண நமக்கு வாயில்லை. வேற்றரசு ஒரு சமூகத்தை அழிக்குமுன், அச்சமூகம் தன் மக்களுக்கே கதவடைத்திருத்தல் உண்டு.

நம் சங்கத்தார்க்கு யாம் கூறுவது இதுவே. நம் குலம் எந்த மன்னனொடு உறவுடையது என்று தேடும் ஆர்வம் குற்றமன்று. ஆனால் மன்னர் முடி எந்த ஊரின் தன்மையையும் காத்ததில்லை. தன் காரியத்தைத் தன் மொழியில் எழுதி வைத்த ஊராரே காத்தனர். நம் இல்லங்களிற் பழைய பத்திரங்களும் ஓலைகளும் இருப்பின், கரையானுக்கு விடாது படித்துப் பெயர்த்தெழுதி வைப்போம். பிள்ளைகளுக்குப் பிழையறத் தமிழ் எழுதக் கற்பிப்போம். ஆண்டபோது பிறர்க்குச் செய்ததையும், ஆளப்பட்டபோது நாம் பட்டதையும் ஒரே தராசில் நிறுப்போம். அத்தராசு கோணாதிருக்குமட்டும் நம் பெருமையும் கோணாது.