எட்வர்ட் அல்ல, எதுவார்

காரைக்குடியில் செடி விற்பவர்கள் “எட்வர்ட் ரோஸ் சார், வெயில் தாங்கும்” என்பார்கள். பன்னீர் ரோஜா என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலேய மன்னர் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது ‘எதுவார்’.

இதன் பிறப்பிடம் ரெயூனியன் தீவு. அன்று பூர்போன் என்று பெயர். அங்கே டமாஸ்க் ரோஜாவையும் சீன ரோஜாவையும் வேலியாக நட்டிருந்தார்கள். இரண்டும் தாமாகக் கலந்து பிறந்த செடிக்குத் தீவுக்காரர்கள் வைத்த பெயர் ‘ரோஸ் எதுவார்’. மணம் டமாஸ்க் தந்தது. அடிக்கடி பூப்பது சீனம் தந்தது. பிரெயோன் என்ற தாவரவியலார் பிரான்சுக்கு விதை அனுப்ப, 1819 வாக்கில் ழாக் என்ற தோட்டக்காரர் அதை முளைக்க வைத்தார். பூர்போன் ரோஜாக் குலம் அப்படித்தான் கிளைத்தது.

பிற்பாடு அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்கள் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்கள் வாரிசுகள் பலருக்குத் தமிழ் போய்விட்டது. பெயர் மட்டும் மிச்சம். இங்கே வந்த ரோஜாவுக்கோ பெயர் திரிந்துவிட்டது, மணம் மிச்சம்.

வாங்கினால் மழை ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள். வெட்டிய குச்சியை எறியாமல் நட்டு வையுங்கள், வேர் விடும்.