டைனோசருக்கு சாஸேஜ் கால்

இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கும்போது எனக்கு சினிமா கிராஃபிக்ஸ் பைத்தியம். ஹாஸ்டல் ரூம்ல பிளெண்டரைப் போட்டு, ஒரு மாசம் ராத்திரி முழிச்சு, ஒரு நாயை எட்டு செகண்ட் நடக்க வெச்சேன். ஸ்டூடியோவில் வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர்கிட்ட காட்டினா, "நாய் நல்லாத்தான் இருக்கு தம்பி, கால்ல எலும்பே இல்லையே"ன்னார். லேப்டாப்பை மூடினேன். அதோட சரி. இப்போ சோறு போடறது ஜாவா.

இதே அடியை வாங்கின இன்னொருத்தர் கதைதான் இன்னிக்கு. பெயர் ரே ஹாரிஹவுசன்.

1920-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 1933-ல் 'கிங் காங்' வந்தபோது பள்ளிக்கூடப் பையன். அந்தக் குரங்கு எப்படி அசையுதுங்கற கேள்வி அவரை விடவே இல்லை. தேடித்தேடிக் கண்டுபிடித்த பதில்: ஸ்டாப் மோஷன். மூட்டு வைத்த உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர் சதை. துளி நகர்த்து, ஒரு ஃபிரேம் எடு. மறுபடி துளி நகர்த்து. ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். நடுவில் கை தட்டி பொம்மை ஆடிப்போனால் திரும்ப முதல்லேர்ந்து. கண்ட்ரோல் இசட் எல்லாம் கிடையாது மக்களே :-)

பையன் கராஜில் கடையைப் போட்டான். மெஷினிஸ்டான அப்பா எலும்புக்கூடுகளைச் செய்து கொடுத்தார். அம்மாவோட பழைய ஃபர் கோட்டு ஒரு கரடியானது!

காங்கை அசைய வைத்தவர் வில்லிஸ் ஓ'பிரையன். அவருக்கே போன் போட்டு, டைனோசர்களை சூட்கேஸில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டினான் நம்ம ஆள். ஸ்டெகோசாரஸைப் பார்த்த பெரியவர் சொன்னது இதுதான்: கால் சாஸேஜ் மாதிரி இருக்கு, போய் உடற்கூறு படி.

இங்கேதான் அவர் வேற, நான் வேற. லாஸ் ஏஞ்சல்ஸ் சிட்டி காலேஜ் ராத்திரி வகுப்பில் சேர்ந்து உடற்கூறும் சிற்பமும் படித்தார்.

உடனே வாழ்க்கை மாறிடலை. உலகத்தில் உயிர்கள் தோன்றிய கதையைத் தனியாளாகப் படமாக்கக் கிளம்பினார். 1940-ல் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா'வும் டைனோசர்களோடு வந்தது. அதைப் பார்த்ததும் தன் படத்தைக் கைவிட்டார். ஆனா அதுக்காக எடுத்த துண்டுகள்தான் ஜார்ஜ் பாலிடம் வேலை வாங்கித் தந்தன. அங்கே ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனியா மரப்பொம்மை செதுக்கி மாற்றி வைப்பார்கள். பொம்மையைக் கையால் நடிக்க வைக்க இடமே இல்லை. அப்புறம் உலகப்போர், ராணுவத்தின் படப்பிரிவில் வேலை. போர் முடிந்ததும் காலாவதியான 16 எம்எம் ஃபிலிமை வைத்துக் குழந்தைக் கதைகளைப் படமாக்கினார். அப்பா எலும்புக்கூடு, அம்மா பொம்மைத் துணி. குடும்பமே புரொடக்‌ஷன் கம்பெனி!

கடைசியில் ஓ'பிரையனே அவரை உதவிக்குக் கூப்பிட்டார். 'மைட்டி ஜோ யங்', 1949. அந்தக் கொரில்லாவின் அனிமேஷனில் பெரும்பகுதி ஹாரிஹவுசன் கைவேலை. மூடு வரணும்னு இடைவேளையில் செலரியும் கேரட்டும் தின்னாராம். படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. கணக்குப் போடுங்க: காங்கைப் பார்த்ததுலேர்ந்து 16 வருஷம்.

1963-ல் 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்'. ஏழு எலும்புக்கூடுகள் மூணு மனுஷங்களோட வாள்சண்டை போடும். சில நிமிஷக் காட்சிக்கு நாலு மாசத்துக்கு மேல் உழைப்பு. சாஸேஜ் கால்னு பேர் வாங்கின பையன், சதையே இல்லாம வெறும் எலும்பை வெச்சு மிரட்டினான்! 1992-ல் வாழ்நாள் சாதனைக்காக ஆஸ்கர் அகாடமி கௌரவித்தது. 2013-ல் லண்டனில் காலமானார்.

அவர் திறமை எனக்கு இருந்துச்சுன்னு சொல்லலை. அவருக்கு அப்படி ஒரு அப்பா அம்மா அமைஞ்சதும் நிஜம். ஆனா அந்த அண்ணன் என்னை முடியாதுன்னு சொல்லவே இல்லையே. எது குறையுதுன்னுதான் சொன்னார். எனக்குத்தான் வேற மாதிரி கேட்டுச்சு.

போன வாரம் டீக்கடை வாசல்ல ஒரு தெருநாய் நடக்கறதை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னேன். பின்னங்கால்ல பின்பக்கமா மடங்கற இடம் இருக்கில்ல, அது முட்டின்னு நினைச்சுத்தான் அன்னிக்கு மாடல் பண்ணேன். அது குதிகாலாம். முட்டி மேலே, வயித்துக்கிட்ட இருக்கு.

பழைய ஃபைல் இன்னும் ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு. திறந்து பார்க்கணும்.