இலைச்சுருட்டுப் புழுவும் ஜாவாக் குளவியும்: டிக்கோயாத் தேயிலையின் பூச்சிகளும் இயற்கை எதிரிகளும்

இலங்கை மலையகத் தேயிலையின் இலைச்சுருட்டுப் புழு, தேயிலையை விடப் பழைய குடி. இதன் அறிவியற்பெயர் ஹோமோனா கோஃபியாரியா. 1861இல் நீட்னர் என்ற ஆய்வாளர் இதை விவரித்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தது கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி; பெயரின் பிற்பாதி அதன் மிச்சம். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை ஒழித்தது. அதே சரிவுகளில் தேயிலை வந்தபோது புழுவும் செடி மாறிக்கொண்டது. ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் தோட்டங்கள் பெரும்பாலும் 1,200 மீற்றர் உயரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ளன. இந்தப் புழுவுக்குத் தோதான உயரம் அது.

தாய் அந்துப்பூச்சி இலையின் மேற்புறத்தில், மீன்செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த மஞ்சள் நிற முட்டைகளைத் தட்டையான திட்டாக இடுகிறது. பொரித்து வரும் புழு பக்கத்து இலைகளை நூலால் இழுத்துக் கட்டி, நடுவே கூடமைத்து, உள்ளிருந்தபடியே தின்கிறது, கூட்டுப்புழுவாவதும் அங்கேதான். கொழுந்து கெடுவதால் இழப்பு நேரே கூடையில் தெரியும். முட்டைத் திட்டுகள் கண்ணுக்கு எளிதில் படுவதால், ஆள் வைத்துப் பொறுக்கி அழிப்பதுதான் தொடக்க கால வழி. கூலி மலிவாக இருந்த காலத்து வைத்தியம் அது.

1925இல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலை செயின்ட் கூம்ப்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழி தேடியது. ஜாவாவில் இப்புழுவைத் தாக்கும் மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவி 1935, 1936ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து கொண்டுவரப்பட்டு மலையகத்தில் விடப்பட்டது. குளவி என்றதும் டிக்கோயா வாசகருக்கு நினைவு வருவது வேறு: கொழுந்தெடுக்கும்போது கூடு கலைந்து கொட்டு வாங்கி, தொழிலாளர் டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் சேர்க்கப்படும் செய்திகள். ஜாவாக் குளவி அந்த ரகமல்ல. மெல்லிய உடலும் நீண்ட உணர்கொம்பும் கொண்ட சிறு பூச்சி; மனிதரைக் கொட்டாது.

புழுவின் உடலுக்குள் இது முட்டையிடுகிறது. ஒரே முட்டை உள்ளே பல கருக்களாகப் பிரிந்து, ஒரு குடும்பமே உருவாகிவிடுகிறது, 1946இல் சி. எச். காட் என்ற ஆய்வாளர் இதை விவரித்தார். புழு உடனே சாவதில்லை. தின்று வளர்ந்துகொண்டே உள்ளிருப்பவர்களுக்கும் தீனியாகிறது. கடைசியில் ஒரு புழுவின் இடத்தில் ஒரு கூட்டம் குளவிகள் வெளியேறுகின்றன. சிலந்தியோ பறவையோ பிடித்துத் தின்றால் ஒரு புழு குறையும், அவ்வளவுதான். ஒட்டுண்ணியோ தான் கொன்ற புழுவிலிருந்தே அடுத்த படையை எழுப்புகிறது. ஆண்டு முழுவதும் புழு கிடைக்கும் மலையகத்தில் அந்தப் படைக்கு இடைவெளியே இல்லை. புழு அழிந்துவிடவில்லை, தோட்டத்தின் பெரிய கவலை என்ற நிலையிலிருந்து இறங்கியது. வெப்பமண்டலப் பயிர்களில் உயிரியல் கட்டுப்பாடு வென்றதற்கு இது நெடுங்காலம் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது.

அதைக் கெடுத்தது இன்னொரு பூச்சிக்கு அடித்த மருந்து. கிளைதுளைப்பான் வண்டு சுமார் இரண்டு மில்லிமீற்றர் நீளம். பெண் வண்டு கிளையைக் குடைந்து, சுரங்கச் சுவரில் ஒரு பூஞ்சையை விதைக்கும். குஞ்சுகள் தின்பது மரத்தை அல்ல, அந்தப் பூஞ்சையை. துளைபட்ட கிளை கைபட்டாலே முறியும். மரத்துக்குள் வாழ்வதால் எதிரிகள் எளிதில் நெருங்க முடிவதில்லை. இடைநிலை உயரத் தோட்டங்களில் இதன் தொல்லை மிகக் கடுமை. 1950களில் இதற்கெதிராக டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. செடியில் நெடுநாள் தங்கும் நஞ்சு என்பதுதான் அதன் சிறப்பாகக் கருதப்பட்டது.

விளைவு இலைகளில் வெளிப்பட்டது. சுருட்டிய இலைக்குள் இருந்த புழு பெரும்பாலும் தப்பியது. இலை இலையாக அலைந்து திரியும் குளவிகள் மடிந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகியது. அதுவரை பொருட்படுத்தப்படாத குச்சிப்புழுவும் பெருந்தொல்லையானது. உலர்ந்த குச்சி போல விறைத்து நின்று கண்ணை ஏமாற்றும் இந்த எக்ட்ரோபிஸ் இனப் புழுவின் திடீர்ப் பெருக்கங்களை டபிள்யூ. தந்தநாராயணவும் ஏ. கதிரவேற்பிள்ளையும் ஆராய்ந்து 1969இல் கட்டுரை வெளியிட்டனர். வண்டும் புழுவும் செடியின் வெவ்வேறு பாகத்தில் வாழ்பவை, ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டையும் பிணைத்தது தெளிப்பான்தான். டீல்ட்ரின் கைவிடப்பட்ட பின் ஒட்டுண்ணி பழைய பிடியை மீட்டது. 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை உலகளவில் கட்டுப்படுத்திய முதல் பன்னிரண்டு நச்சுகளில் டீல்ட்ரினும் ஒன்று.

சிற்றுண்ணிகளின் கணக்கு வேறு. செஞ்சிலந்திச் சிற்றுண்ணி வறண்ட மாதங்களில் முதிர்ந்த இலையின் மேற்புறத்தில் கூடி, இலையைச் செம்புநிறமாக்கும். கடுகை விடச் சிறிய கருநிற ஸ்டெதோரஸ் பொறிவண்டும், பிற சிற்றுண்ணிகளைத் தின்னும் சிற்றுண்ணிகளும், கண்ணாடிச்சிறகிப் பூச்சியின் குஞ்சுகளும் அதை உண்கின்றன. ஆனால் வறட்சியில் சிற்றுண்ணி பெருகும் வேகத்துக்கு இவை எப்போதும் ஈடுகொடுப்பதில்லை. வெயில் நேரே விழும் செடிகளில்தான் சேதம் கூடுதல். நிழல்மரங்களை வெட்டித் தள்ளிய மலைகளில் இந்த வேறுபாட்டைப் பக்கத்துப் பக்கத்து நிரைகளிலேயே காணலாம்.

கிளைதுளைப்பானுக்கு ஜாவாக் குளவிக்கு இணையான எதிரி இன்றுவரை வாய்க்கவில்லை. ஒரே இனமாக எண்ணப்பட்டுவந்த அந்த வண்டு உண்மையில் நான்கு நெருங்கிய இனங்கள் என்று 2019இல் வகைப்படுத்தப்பட்டது. கலிஃபோர்னியாவின் வெண்ணெய்ப்பழத் தோட்டங்களையும் இக்குழுவின் வண்டுகள் தாக்குவதால், அவற்றின் எதிரிகளைத் தேடும் வேலை தேயிலை நாடுகளுக்கு வெளியேயும் நடக்கிறது.