கட்சியின் வேரும் மக்களின் வாக்கும்

அரசியற் கட்சி ஒன்றின் வலிமையை எதனைக் கொண்டு அளப்பது? ஊர்வலத்தையும் மேடை முழக்கத்தையும் கொண்டு அளப்பார் பலர். வரலாறு தரும் அளவுகோல்கள் இரண்டு: ஒன்று அமைப்பு, மற்றொன்று வாக்கு. இந்திய தேசியக் காங்கிரஸ் தமிழகத்தில் வளர்ந்ததையும் தளர்ந்ததையும், நம் திருவண்ணாமலையை உரைகல்லாகக் கொண்டு இன்று ஆராய்வோம்.

1885ஆம் ஆண்டு பம்பாயில் 72 பேராளர்களுடன் தோன்றிய காங்கிரஸ், நெடுங்காலம் ஆங்கிலம் கற்றோர் ஆண்டுக்கொருமுறை கூடும் பேரவையாகவே விளங்கிற்று. 1920இல் நாகபுரி மாநாடு ஏற்ற புதிய அமைப்பு விதி அதனை மாற்றியது. கொள்கையை ஏற்று நான்கணா செலுத்துவோர் உறுப்பினராயினர். சிற்றூர், வட்டம், மாவட்டம், மாகாணம் எனக் குழுக்கள் படிப்படியாக எழுந்தன. மாகாணங்கள் மொழிவழி வகுக்கப்பட்டமையால் தமிழ்நாட்டிற்கெனத் தனிக் குழு செயற்பட்டது. உழவரும் நெசவாளரும் தம் தாய்மொழியில் அரசியல் பேச வழி பிறந்தது. 1937இல் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 159ஐக் காங்கிரஸ் வென்றதற்கு இவ்வமைப்பே அடித்தளம்.

ஆயினும், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்த 1952இல் நிலை மாறிற்று. 375 இடங்களுள் 152 மட்டுமே கிடைத்தன. வட ஆர்க்காட்டில் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சியும், தென்னார்க்காட்டில் இராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் வேரூன்றியிருந்தன. பின்னர் இவ்விரு தலைவர்களும் அமைச்சரவையில் இடம்பெற்றனர். தேசியக் கட்சியும் உள்ளூர் உணர்வோடு உடன்பட்டே நடக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இனித் திருவண்ணாமலைக்கு வருவோம். 1957இல் தி.மு.கழகம் முதன்முதலாகப் பொதுத்தேர்தலிற் புகுந்து 15 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. அவற்றுள் ஒன்று இவ்வூர், வென்றவர் ப. உ. சண்முகம். 1962இல் காங்கிரஸ் இத்தொகுதியை மீட்டது. 1963 இடைத்தேர்தலில் மீண்டும் சண்முகமே வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் துறந்தார் காமராசர். அமைப்பு தளர்ந்தால் ஆட்சி நிலையாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1967இல் மாநிலமெங்கும் காங்கிரஸ் வீழ்ந்தது. திருவண்ணாமலையோ காங்கிரஸ் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது! மாநில முடிவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குப் பெற்ற காங்கிரசுக்கு 234 இடங்களுள் 51 கிட்டின. அதனினும் சற்றே குறைந்த வாக்குப் பெற்ற தி.மு.கழகமோ 137 இடங்களை அடைந்தது. முன்பு சிதறிய எதிர்ப்பு வாக்குகளை அண்ணாவின் கூட்டணி ஒன்றுசேர்த்தமையே காரணம்.

1969இல் காங்கிரஸ் பிளவுற்றது. 1971இல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் இங்குச் சட்டமன்றத்திற்குப் போட்டியிடவே இல்லை. பின்னாளில் 1980, 1984, 1991 தேர்தல்களில் திருவண்ணாமலையில் காங்கிரஸ் பெற்ற வெற்றிகள் யாவும் கூட்டணியின் துணையால் வந்தவை. 1989இல் தனித்து நின்றபோது, மாநிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குப் பெற்றும் 26 இடங்களே கிட்டின.

மாணவர்களே, தேர்தல் முடிவைப் படிக்குங்கால் வென்ற இடங்களை மட்டும் எண்ணி நின்றுவிடாதீர்கள். பெற்ற வாக்கு எவ்வளவு, துணை நின்றவர் யாவர், சிற்றூரில் கட்சிக் குழு உயிரோடு இயங்குகின்றதா என்றும் வினவுங்கள். பத்தே ஆண்டுகளில் நான்கு முறை தீர்ப்புரைத்த திருவண்ணாமலை வாக்காளர் எக்கட்சிக்கும் உடைமையாகவில்லை. மக்களாட்சியின் காவல் அவ்வுரிமையிலேயே உள்ளது.