மரக்காலுக்குப் பெயிண்ட் அடிச்ச கதை

பழைய மரச்சாமான் எது கையில கிடைச்சாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, மேல நாலு பூ வரைஞ்சு ஷோகேஸ்ல வைக்கிற வியாதி எனக்கு எப்ப வந்துச்சுன்னு ஞாபகம் இல்லை. வாரம் அஞ்சு நாள் அடுத்தவன் எழுதின கோடுல பிழை தேடுறவனுக்கு சனிக்கிழமை கையில ஒரு பிரஷ் கிடைச்சா எவ்ளோ நிம்மதின்னு நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்குப் புரியும். அஞ்சறைப் பெட்டி பேனா, கிளிப், பென் டிரைவ் போடுற பெட்டியாச்சு. பல்லாங்குழி சாவி போடுற தட்டாச்சு. தயிர் மத்து சுவத்துல தொப்பி மாட்டுற கொக்கியாச்சு (அம்மா திட்டினது தனிப் பதிவுக்கு ஆகும் :-) ).

இந்த வரிசையில கடைசியா மாட்டினதுதான் மரக்கால். பொங்கலுக்குப் பாகூர் பக்கம் எங்க ஊருக்குப் போனப்ப பரண் மேல கிடைச்சுது. பலா மரத்துல கடைஞ்சது, மேலயும் கீழயும் இரும்புப் பூண். கரையான் தொடலை. ஒரு குடம் பிடிக்கிற கனம். தேய்ச்சு, துருவைச் சுரண்டி, வெளிய அடர் நீல எனாமல், அது மேல அக்ரிலிக்ல மஞ்சள் கொடி. உள்ள அடிப்பக்கம் சுத்தி வட்டமா ஒரு இடுக்கு தெரிஞ்சுது. மரம் காய்ஞ்சு விட்டுப்போச்சு போலன்னு பட்டி போட்டு அடைச்சு, அதுக்கு மேலயும் ஒரு கோட் அடிச்சேன். இந்த இடுக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

பெயிண்ட் காயுற நேரத்துல சும்மா இருக்க முடியாம மரக்கால் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். வாய்ப்பாடு இதுதான்: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி. நாழியைத்தான் நாம படின்னு சொல்றோம். 8 நாழி 1 குறுணி, அதாவது மரக்கால். 2 குறுணி 1 பதக்கு, 2 பதக்கு 1 தூணி. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு! ரெண்டின் எட்டாம் அடுக்கு. ஆஹா, நம்மாளுங்க அப்பவே பைனரின்னு ஒரு பதிவு போட்டு முன்னோர் பெருமை பேசலாம்னு பார்த்தா, 3 தூணி 1 கலம்னு வந்து கெடுத்துடுச்சு. கீழ பார்த்தா 5 செவிடு 1 ஆழாக்கு. போகட்டும், சந்தையில எது வசதியோ அது.

அந்த 12 மரக்கால் கொண்ட கலம்தான் நெல்லு விளையற ஊர் எல்லாத்துக்கும் பொதுப் பேச்சு. பாகூர் சும்மா ஊர் இல்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் 9-ம் நூற்றாண்டுல இங்க இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்லூரிக்கு, மூணு ஊரைக் கொடுத்த செப்பேடு உண்டு. ஏரிப் பாசனம், நெல், அதை நம்பின படிப்பு. புதுச்சேரிக்கு நெற்களஞ்சியம்னு இப்பவும் பாகூரைத்தான் சொல்றாங்க.

எந்த மரக்கால்ங்கறதுதான் பிரச்சனையே. தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜன் (985-1014) காலத்துக் கல்வெட்டுகள்ல நெல்லைப் பத்தி எழுதும்போது 'ஆடவல்லான்'னு பேர் வச்ச மரக்காலால அளந்ததுன்னும், அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம்னும் சொல்லியிருக்கு. வேற கல்வெட்டுகள்ல அருமொழிதேவன் மரக்கால் வரும். அளவைக்கு ராஜா பேரும் சாமி பேரும் ஏன் வைக்கணும்? ஊருக்கு ஒரு மரக்கால் இருந்ததாலதான். பேர் சொல்லலைன்னா கோயிலையே ஏமாத்திடுவாங்கன்னு ராஜராஜனுக்கே தெரிஞ்சிருக்கு. பின்னாடி நாள்லயும் பட்டணம் படி, சின்னப்படி, பெரிய படின்னு இந்தக் குழப்பம் போகலை. பட்டணம் படி ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்.

இதுல ஒரு வேடிக்கை, புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ்தான் மெட்ரிக் முறையை 1795-லயே சட்டமாக்கின நாடு. ஆனா எங்க ஊர்க் களத்துல கடைசி வரைக்கும் பேசினது மரக்கால்தான். 1954 அக்டோபர் 18-ல எங்களுக்குப் பக்கத்து வில்லியனூர் கொம்யூன்ல இருக்கற கீழூர்ல 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு சொன்னாங்க. நவம்பர் 1-ல பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தைக் கொடுத்தான். 1956-ல இந்திய அரசு எடை அளவுச் சட்டம் போட்டு, 1958 அக்டோபர்ல இருந்து படிப்படியா கிலோவும் லிட்டரும் வந்துச்சு. மரக்கால் பரணுக்குப் போச்சு. பரண்ல இருந்து பழைய சாமான் கடைக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல செட்டிநாட்டு வீட்டுப் பொருள் விக்கிற கடைகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். இப்ப அதுல பூந்தொட்டி வைக்கிறாங்க, குடை சொருகுறாங்க. என்னை மாதிரி ஆளுங்க பூ வரையறாங்க.

நம்ம கதைக்கு வருவோம். பெயிண்ட் காய்ஞ்சு, திண்ணையில வச்சு போட்டோ எடுத்துட்டு இருந்தேன். முன்னாடி எங்க வயல்ல நடவு நட்ட ஒரு ஆயா, பாட்டியைப் பார்க்க வந்தாங்க. எண்பது தாண்டியிருக்கும்.

"ஆயா, இது எப்படி இருக்கு?"

கிட்ட வந்து பார்த்தாங்க. வெளிய இருந்த கொடியைப் பார்க்கலை. கையை உள்ள விட்டு அடியைத் தடவினாங்க.

"பூவெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்க தம்பி. அடிப்பலகையத்தான் எடுக்கலபோல."

எனக்குப் புரியலை. அவங்களே சொன்னாங்க. "இது எங்களுக்கு அளக்குறது. உங்க வூட்டுக்கு அளக்குறது வேற இருந்துது."

கோவமா எல்லாம் சொல்லலை. 'இது உங்க தாத்தா குடை'ன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நான் பட்டி வச்சு அடைச்ச அந்த இடுக்கு, மரம் காய்ஞ்சதால வந்தது இல்லை. தனியா ஒரு வட்டப் பலகையை உள்ள இறக்கி ஆணி அடிச்சிருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல இருக்கற பித்தளைப் படியை எடுத்து நெல்லைத் தலை தட்டி அளந்து மரக்கால்ல போட்டேன். எட்டுப் படி கொள்ளணும். ஏழரைப் படியில விளிம்பு வந்துடுச்சு. மூணு தடவை போட்டேன், ஏழரைதான். மரக்காலுக்கு அரைப்படின்னா கலத்துக்கு 6 படி.

இது எங்க வீட்டுத் தனிக் கண்டுபிடிப்பு இல்லைன்னு அப்புறம் படிச்சப்பதான் தெரிஞ்சுது. அதுல ஆறுதலும் இல்லை. 1940-கள்ல கீழத் தஞ்சையில பி. சீனிவாசராவ் மாதிரி கம்யூனிஸ்டுகள் பண்ணையாட்களைச் சேர்த்து சங்கம் கட்டினப்ப, சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்துன்னு கேட்டதோட, கள்ள மரக்காலை ஒழிச்சு முத்திரை போட்ட மரக்கால்ல கூலி அளக்கணும்னும் கேட்டிருக்காங்க. அடிக்கிறதை நிறுத்துன்னு கேட்கற பட்டியல்லயே மரக்காலும் இருந்திருக்குன்னா அது எவ்ளோ நாள் வயித்தெரிச்சலா இருந்திருக்கணும்! 1952-ல ராஜாஜி அரசு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தப்ப ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 2 மரக்கால், பொம்பளைக்கு 1 மரக்கால்னு கூலி வச்சாங்க (பாதிக்குப் பாதி, அதையும் கவனிங்க). எங்க வீட்டு மரக்கால்ல 2 தடவை அளந்தா ஒரு படி போயிடும். தினமும். 1968 டிசம்பர் 25-ல கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசையோட எரிச்சதுக்கு முன்னாடி நடந்த தகராறும் கூலி நெல்லைக் கொஞ்சம் ஏத்திக் கேட்டதுலதான். நாழி, உழக்குன்னு நான் மேல ரசிச்சு எழுதினேனே, அந்த வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூடமே போகாதவங்க வேற மாதிரி மனப்பாடம் பண்ணியிருக்காங்க. அந்த ஆயாவுக்கு அடியைக் கையால தடவினாலே போதும்.

பலகை மட்டும் இல்லை. வாங்கும்போது கோபுரமா குவிச்சு, கொடுக்கும்போது தலை தட்டி அளக்கறது இன்னொரு வழி. இதுக்கு ஆணி கூட வேணாம்.

சுவாமிமலை பக்கத்துல ஆதனூர்ல ஆண்டளக்கும் ஐயன்னு பெருமாள், தலைக்கு மரக்காலை வச்சுப் படுத்திருப்பார். திருமங்கையாழ்வார் கோயில் வேலைக்குக் கூலி கொடுக்கப் பணமில்லாம தவிச்சப்ப பெருமாளே வியாபாரியா வந்து மரக்காலால மணலை அளந்து போட்டாராம். ஒழுங்கா உழைச்சவனுக்குப் பொன்னாச்சு, ஏமாத்தினவனுக்கு மணலாவே நின்னுச்சு. சின்ன வயசுல பாட்டி சொன்ன கதை. கதையில ஏமாத்துறவன் கூலிக்காரன். அளக்கறவர் பெருமாள். களத்துல முதல் மரக்காலை 'ஒண்ணு'ன்னு சொல்லாம 'லாபம்'னு எண்ணுவாங்கன்னும் பாட்டிதான் சொல்லுவாங்க. யாருக்கு லாபம்னு அப்ப கேட்கத் தோணலை.

மறுநாள் பாட்டிகிட்ட பலகையைப் பத்திக் கேட்டேன். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்டா"ன்னுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க. இன்னொரு தடவை கேட்டேன். "உங்க தாத்தா வச்சது இல்ல, அவுங்க அப்பா வச்சது"ன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் வரலை. வீட்டுக்கு அளந்த அந்த இன்னொரு மரக்கால் பரண்ல இல்லை. தேடிப் பார்த்துட்டேன்.

அடுத்த நாள் பெங்களூர் பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இருந்துச்சு. உளியை எடுத்து நானே வச்ச பட்டியைச் சுரண்டி, ஆணியைப் பிடுங்கிப் பலகையை வெளிய எடுத்தேன். கட்டை விரல் கனம். மேல் பக்கம் வழுவழுன்னு நெல் உரசித் தேய்ஞ்சிருக்கு, அடிப்பக்கம் புதுசு மாதிரி ரம்பப் பல்லு தெரியுது. இப்ப நெல் போட்டா சரியா எட்டுப் படி பிடிக்குது. நீல பெயிண்ட் அப்படியே இருக்கு, உள்ள மட்டும் ஒரு வட்டம் வெறும் மரமா தெரியுது. மரக்காலை ஊர்லயே விட்டுட்டேன். பலகை என் மேசையில, மானிட்டருக்குப் பக்கத்துல. டீ டம்ளர் வைக்கிற அளவுதான், ஆனா வைக்கலை.

டிஸ்கி: போட்டோ போடுறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன், மன்னிக்கணும். உங்க வீட்டுப் பரண்ல மரக்கால் இருந்தா பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுப் பாருங்க. எத்தனை படி பிடிக்குதுன்னு அளந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.