வால்சக்கர விமானமும் மாணவர் காலும்

ஓசூர் பக்கத்துப் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமானத்தளம் இருக்கிறது. 90களில் இத்தாலியின் பார்த்தனேவியா பி-68ஐ உரிமம் வாங்கி அங்கே கட்டினார்கள். அதற்கு மூக்கில் சக்கரம். ஆனால் எல்லை தாண்டி சுமார் 40 கிலோமீட்டரில், பெங்களூரில் பிறந்த பழைய பயிற்சி விமானங்களுக்குச் சக்கரம் வாலில். வி.எம். காட்டகே வடிவமைத்து 1951 ஆகஸ்டில் பறந்த எச்.டி-2வும் அப்படி, 1958இல் பறந்த புஷ்பக்கும் அப்படி. ஃப்ளையிங் கிளப் மாணவர்கள் பலர் புஷ்பக்கில்தான் கற்றார்கள்.

இவற்றில் மாணவர்களை அழவைத்தது கிரவுண்ட் லூப். தரையைத் தொட்ட பிறகு விமானம் சட்டென்று பக்கவாட்டில் சுழன்றுவிடும். இறக்கை முனை தரையில் உரசும், சில சமயம் சக்கரத்தண்டும் உடையும். 'ஒழுங்கா கால் வைக்கத் தெரியலை'னு திட்டு மாணவருக்குத்தான்.

பாதிக்குமேல் குற்றம் அமைப்பில் இருக்கிறது என்பேன். கிருஷ்ணகிரி சாலையில் ட்ரெய்லர் லாரி மடங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்வண்டி பிரேக் பிடிக்கிறது, பின்னால் வரும் பாரம் தள்ளுகிறது, கொஞ்சம் கோணினாலே மடங்கிவிடுகிறது. வால்சக்கர விமானத்தின் எடைமையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு லேசாகத் திரும்பினால் அந்த எடை இன்னும் திருப்பும். மூக்குச்சக்கர விமானத்தில் எடைமையம் முன்னால் இருப்பதால் அதே எடை நேராக்கிவிடும். போதாக்குறைக்கு, வால் தரையில் இருக்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். நேர் எதிரே பாதை சரியாகத் தெரியாது.

அப்புறம் ஏன் இப்படிக் கட்டினார்கள்? புல்வெளிக்காக. போர்க்காலத்தில் இந்தியாவில் பயிற்சிக்கு ஓடிய டைகர் மாத்துக்குப் பிரேக்கே கிடையாது. வாலில் இருந்த சறுக்குக்கட்டை புல்லைக் கீறி வேகத்தைக் குறைக்கும், வாலையும் பின்னால் பிடித்து வைக்கும். திறந்த மைதானம் என்பதால் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அதற்கு நேர் எதிராக இறங்கலாம். கான்கிரீட் ஓடுபாதை வந்ததும் திசை ஒன்றாகிவிட்டது. காற்று பக்கவாட்டில் அடிக்கிறது, வழுவழுப்பான தரையில் வாலைப் பிடிக்க ஒன்றுமில்லை. மைதானம் செய்துகொண்டிருந்த வேலை மாணவரின் காலுக்கு வந்துசேர்ந்தது. இறங்கியாச்சுன்னு சுக்கான் மிதியைத் தளர்த்துகிற நொடியில்தான் சுழலும். இறங்கின பிறகும், விமானம் முழுசாக நிற்கும்வரை ஓட்டிக்கொண்டே இருக்கணும்.

1977இல் பறந்த எச்.பி.டி-32க்கு எச்.ஏ.எல். மூக்குச்சக்கரம் வைத்தது. விமானப்படையில் எச்.டி-2வின் இடத்துக்கு அது வந்தது, கிளப்புகளில் செஸ்னாக்கள் பெருகின. கிரவுண்ட் லூப் அரிதாகிவிட்டது. இப்போது தடுமாறும் மாணவர்கள் மூக்கை முதலில் தரையில் குத்தி, அந்த முன்சக்கரத்தண்டைத்தான் உடைக்கிறார்கள்.